ஓடிக்கொண்டிருக்கும் கடல்நீர்த் தொட்டியில் புது மீனை விடுவது எப்படி

கடையிலிருந்து கவரை வாங்கி வந்த கையோடு மீனைத் தொட்டியில் விட்டுவிடாதீர்கள். கவரை அரை மணி நேரம் மிதக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் சேர்த்து, அப்புறம் திறந்துவிட வேண்டும் என்று கடையில் சொல்லியிருப்பார்கள். நன்னீர்த் தொட்டி வைத்திருப்பவர்களில் நிறைய பேர் இதை மட்டும் செய்தே வருஷக்கணக்கில் சமாளித்துவிடுகிறார்கள். கடல்நீரில் அது நடக்காது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று வருஷம் எந்தப் பிரச்சினையும் இல்லாமல் ஓடிய தொட்டி அது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடையில் பார்த்த ஒரு ஜோடி கிளவுன் மீனை வாங்கி வந்து, கடைக்காரர் சொன்னபடியே செய்து, உள்ளே விட்டேன். செவ்வாய்க்கிழமை பழைய மீன்கள் எல்லாம் பம்பின் தண்ணீர் வேகமாக வரும் இடத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டு வேகவேகமாக மூச்சு வாங்கின. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தபோது தோல் மேல் மெல்லிய மஞ்சள் பொடி தூவியது போல இருந்தது. வெல்வெட் என்னும் ஒட்டுண்ணி நோய். வியாழக்கிழமைக்குள் ஒன்பது மீன் போய்விட்டது. ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டது இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மீன்கூட தனித்தொட்டியில் (புது மீனைச் சில வாரம் தனியாக வைத்துப் பார்க்கும் சின்னத் தொட்டி) இருக்காமல் என் பெரிய தொட்டிக்குள் போனதில்லை.

ஆகவே மீன் வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள். ஒரு சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரின் ஸ்பாஞ்சை உங்கள் சம்ப்பில் (பெரிய தொட்டியின் தண்ணீரைச் சுத்தம் செய்யும் துணைத்தொட்டி) போட்டுவையுங்கள். நான்கு வாரத்தில் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேறிவிடும், பிறகு அதைத் தனித்தொட்டியின் ஃபில்டரில் மாட்டிவிடுங்கள். தனித்தொட்டியில் மீன்கள் சாவதற்கு அமோனியா ஒரு பெரிய காரணம், ஏனென்றால் அவசரத்தில் புதுத் தொட்டியில் புதுத் தண்ணீர் ஊற்றி மீனை விட்டுவிடுகிறோம்.

தனித்தொட்டிக்குப் பெரிய செலவு இல்லை. கிளவுன், கோபி மாதிரி சின்ன மீனுக்கு 60 லிட்டர் போதும். டாங் (பாசி மேயும், நன்றாக நீந்தும் மீன்) வகை என்றால் 120 லிட்டருக்குக் குறையாமல் பாருங்கள். அடியில் மணல் வேண்டாம், லைவ் ராக் (பாக்டீரியா குடியிருக்கும் கடல் பாறை) வேண்டாம், இரண்டும் ஒட்டுண்ணிக்குப் போடும் காப்பர் மருந்தை இழுத்துக்கொள்ளும். ஒளிந்துகொள்ள பிவிசி எல்போ இரண்டு மூன்று போடுங்கள், ஹார்டுவேர் கடையில் கிடைப்பதைக் கழுவிப் போட்டாலே போதும். மூன்று பக்கக் கண்ணாடிக்கும் வெளியில் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டிவிட்டால் ஆட்கள் நடக்கும்போதெல்லாம் மீன் மிரளாது. சென்னையில் ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது, ஏசி அறையாக இருந்தால் மட்டும் வையுங்கள். மே மாதத்தில் நமக்குப் பிரச்சினையே நேர்மாறாக இருக்கும்: தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும், அதனால் மேல்பரப்பில் படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேன் வைத்து 25-லிருந்து 27-க்குள் நிறுத்தப் பாருங்கள். கரண்ட் போனால் ஓட பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம். வலை, வாளி, ட்யூப் எல்லாம் இந்தத் தொட்டிக்கென்று தனியாக இருக்கட்டும். ஈரமான வலை ஒன்றே போதும், ஒட்டுண்ணி பெரிய தொட்டிக்குப் போய்விடும்.

கடையில் என்ன பார்ப்பது

கொளத்தூர்ப் பக்கம் கடைகளுக்குப் போனால் கண்ணைப் பறிக்கும் மீன்கள் இருக்கும், அங்கேதான் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிஷம் நிற்க வேண்டும். நிறத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் செவுளைப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் அதே வகை மீனைவிட வேகமாக மூச்சு வாங்கினால் வேண்டாம். தலைக்குப் பின்னால் முதுகு ஓரம் குழி விழுந்திருக்கிறதா, வயிறு உள்ளே ஒட்டியிருக்கிறதா, கண் மங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் கடைக்காரரிடம், "அண்ணா, கொஞ்சம் தீனி போடுங்க, சாப்பிடுறதைப் பார்த்துட்டு எடுத்துக்கறேன்" என்று கேளுங்கள். இதைக் கேட்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. நல்ல கடைக்காரர் சந்தோஷமாகப் போடுவார். "இன்னிக்குத்தான் சரக்கு வந்துச்சு, அதான் சாப்பிடல" என்றால் முன்பணம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் கழித்து வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரத்தில் சாகிற மீன் உங்கள் வீட்டில் சாகாமல் இருக்கும்.

கூடவே இன்னொரு கேள்வி: "உங்க தொட்டியில உப்பு எவ்வளவு?" உப்பை அடர்த்தியை வைத்துச் சொல்வார்கள், உப்பில்லாத தண்ணீர் என்றால் 1.000. நிறைய கடைகளில் 1.018, 1.020 என்று குறைவாக வைத்திருப்பார்கள், உப்புச் செலவும் மிச்சம், ஒட்டுண்ணியும் கொஞ்சம் அடங்கியிருக்கும். உங்கள் தொட்டி 1.025-இல் இருக்கும். இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தாலும் மீனுக்கு அது பெரிய விஷயம். உப்பு குறைவான தண்ணீருக்குப் போவதை மீன் ஓரளவு தாங்கும், அதிகமான தண்ணீருக்கு ஒரேயடியாகப் போவதைத் தாங்காது, உடம்பிலிருந்து தண்ணீர் வெளியேறி இரண்டு மூன்று நாளில் காரணம் தெரியாமல் செத்துப்போகும். மீனை மாற்றும் முன் கவர் தண்ணீரை, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு தடவை நீங்களே பார்த்துவிடுங்கள். அந்த ரிஃப்ராக்டோமீட்டரையும் ஆர்ஓ தண்ணீரை வைத்துச் சரிபார்க்காமல் 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) அளவுக் கரைசலை வைத்துச் சரிபாருங்கள். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35-இல் தவறாகக் காட்டுவதை நானே பார்த்திருக்கிறேன்.

வண்டியில் கவரைத் தொங்கவிட்டுக் கொண்டுவராதீர்கள். ஒரு தெர்மாகோல் பெட்டியும் பழைய நியூஸ்பேப்பரும் எடுத்துப் போங்கள், சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு கிளம்புங்கள்.

கவரைத் திறக்கும் முன்

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், தண்ணீர் பழக்குவதில் ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்கு இதுதான் காரணம். மூடிய கவருக்குள் மீன் மூச்சு விட விட கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கும், அதாவது தண்ணீரில் அமிலத்தன்மை கூடும். கூடவே அமோனியாவும் சேரும், ஆனால் பிஎச் குறைவாக இருக்கும்வரை அது பெரும்பாலும் விஷம் குறைந்த அம்மோனியம் என்ற வடிவில் இருப்பதால் மீனை அவ்வளவாகப் பாதிக்காது. கவரைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பிஎச் ஏறும். பிஎச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் விஷமான அமோனியாவின் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகும். அதாவது கவரைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டால், நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே மீனை அமோனியாவில் ஊறவைக்கிறோம்.

அதனால் மீன் எவ்வளவு நேரம் கவரில் இருந்தது என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். வேறு ஊரிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த மீன் என்றால் சொட்டு முறையே வேண்டாம். தனித்தொட்டியின் உப்பைக் கவரின் உப்புக்குச் சமமாக முன்கூட்டியே வைத்துக்கொண்டு, மூடிய கவரைப் பதினைந்து இருபது நிமிஷம் மிதக்க விட்டு வெப்பத்தைச் சமன்செய்து, திறந்த உடனே மீனை மாற்றிவிடுங்கள். உள்ளூர்க் கடையிலிருந்து ஒரு மணி நேரத்தில் வந்த மீனுக்கும் இதே முறைதான் எனக்குப் பிடித்தது. தனித்தொட்டி கையில் இருப்பதன் பெரிய வசதியே இதுதான், உங்கள் பெரிய தொட்டியின் உப்பை மாற்ற முடியாது, இதை மாற்றலாம். பிறகு ஒரு நாளைக்கு 0.001 அல்லது 0.002 வீதம், ஆவியான தண்ணீருக்குப் பதில் உப்புத் தண்ணீர் ஊற்றியே ஒரு வாரத்தில் 1.025-க்குக் கொண்டுவந்துவிடலாம்.

உப்பு சமமாக இல்லாமல், சொட்டு முறை தவிர வேறு வழியில்லை என்றால், மீனையும் கவர் தண்ணீரையும் சுத்தமான வாளியில் சாய்த்து வைத்து, ஏர் ட்யூபில் ஒரு முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு முதல் நான்கு சொட்டு விழுகிற மாதிரி இறுக்குங்கள். தண்ணீர் இரட்டிப்பானதும் பாதியை ஊற்றிவிட்டு மறுபடி ஒரு தடவை. முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம்.

மாற்றும்போது வலை போடாமல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவால் மொண்டு எடுங்கள். டாங் மீனின் வால் அடியில் இரண்டு பக்கமும் கத்தி மாதிரி ஒரு முள் உண்டு, ஏஞ்சல் மீனுக்குக் கன்னத்தில் முள் உண்டு, இரண்டும் வலையில் மாட்டிக்கொள்ளும். கவர் தண்ணீர் ஒரு சொட்டுகூட எந்தத் தொட்டிக்குள்ளும் போகக்கூடாது, சிங்க்கில் ஊற்றிவிடுங்கள்.

தனித்தொட்டியில் ஆறு வாரம்

நான்கு வாரம் குறைந்தபட்சம், ஆறு வாரம் என்றால் நிம்மதி. ஏன் இவ்வளவு நாள் என்றால், வெள்ளைப்புள்ளி நோயைத் தரும் கிரிப்டோகாரியான் மீனின் உடம்பில் மூன்றிலிருந்து ஏழு நாள் இருந்துவிட்டுக் கீழே விழுந்துவிடும். புள்ளி மறைந்ததும் "குணமாயிடுச்சு" என்று மீனைப் பெரிய தொட்டிக்கு மாற்றுகிறோம். ஆனால் கீழே விழுந்தது கண்ணாடியிலும் பைப்பிலும் ஒட்டிக்கொண்டு கூடு கட்டிப் பெருகி, நூற்றுக்கணக்கில் வெடித்து வெளியே வந்து மறுபடி மீனைத் தேடும். இதற்குச் சில நாளும் ஆகலாம், பல வாரமும் ஆகலாம், 72 நாள் வரை ஆனதும் பதிவாகியிருக்கிறது. பெரிய தொட்டிக்குள் இது புகுந்துவிட்டால் எல்லா மீனையும் வெளியே எடுத்துத் தொட்டியை 76 நாள் மீனில்லாமல் காலியாக ஓடவிட வேண்டும் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். கிளீனர் இறால் வைத்தால் ஒட்டுண்ணியைத் தின்றுவிடும், பூண்டுச் சாறு ஊற்றினால் போய்விடும் என்பதை நம்பி நாள் கடத்தாதீர்கள். யூவி விளக்கு எண்ணிக்கையைக் குறைக்கும், முழுக்க அழிக்காது.

மருந்தைப் பொறுத்தவரை என் வழக்கம் இது: டாங், கிளவுன், ஏஞ்சல் வகைகளுக்கு நோய் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் காப்பர் கொடுத்துவிடுகிறேன். கீலேட்டட் காப்பர் (வேறு பொருளோடு பிணைத்த காப்பர்) என்றால் லிட்டருக்கு 2-லிருந்து 2.5 மில்லிகிராம், சாதாரண காப்பர் சல்ஃபேட் என்றால் 0.15-லிருந்து 0.20 வரைதான். இரண்டையும் குழப்பிக்கொண்டால் மீன் செத்துவிடும், அதனால் புட்டியில் என்ன வகை என்று போட்டிருக்கிறதோ அதன்படி மட்டும் போங்கள், அந்த வகையை அளக்கும் டெஸ்ட் கிட் இல்லாமல் மருந்தைத் தொடவே தொடாதீர்கள். முதல் நாளே முழு அளவுக்குப் போகாமல் மூன்று நான்கு நாளில் ஏற்றி, அங்கிருந்து 30 நாள் அளவு குறையாமல் பிடித்துவையுங்கள். நடுவில் அளவு இறங்கினால் நாள் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து. காப்பர் இருக்கும் தண்ணீரில் அமோனியாவை அடக்கும் திரவங்களைச் சேர்க்கக்கூடாது, சில வகைகள் காப்பரோடு சேர்ந்து கடும் விஷமாகிவிடும். அமோனியா ஏறினால் அதே அளவு காப்பர் கலந்த புதுத் தண்ணீர் மாற்றுவதுதான் வழி. மாண்டரின், ராஸ் போன்ற மீன்கள் காப்பரைச் சரியாகத் தாங்குவதில்லை, அவற்றை மருந்தில்லாமல் கூடுதல் நாள் வைத்துப் பார்க்கிறேன். செவுள் புழுவுக்குப் பிராசிகுவான்டெல், ஐந்து முதல் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு தடவை.

இந்த ஆறு வாரத்தின் இன்னொரு பயன் சாப்பாடு. கடலில் பாசியை மேய்ந்து வாழ்ந்த மீனுக்கு நீங்கள் போடும் உருண்டைத் தீனி சாப்பாடு என்றே தெரியாது. போட்டியில்லாமல் தனியாக இருக்கும்போதுதான் கற்றுக்கொள்ளும். முதல் சில நாள் உயிருள்ள ஆர்ட்டீமியா, அப்புறம் உறைந்த மைசிஸ் (இரண்டும் இறால் போன்ற மிகச் சிறிய உயிரினங்கள்), பொடியாக நறுக்கிய பச்சை இறால். டாங்குக்கு சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் நோரி ஷீட்டை (காயவைத்த கடற்பாசித் தாள்) கிளிப்பில் மாட்டிவிடுங்கள், எண்ணெயோ மசாலாவோ சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். கை உள்ளே வந்தால் சாப்பாடு என்று மீனுக்குத் தெரியும் நாள் வரும்வரை அது பெரிய தொட்டிக்குத் தயாராகவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பழையவர்கள் என்ன செய்வார்கள்

நோய்க்கு அடுத்த பெரிய ஆபத்து, ஏற்கெனவே உள்ளே குடியிருப்பவர்கள். கடலில் துரத்தப்பட்ட மீன் ஓடிப்போய்விடலாம். ஆறடித் தொட்டியில் எங்கே ஓடும்? ஒரே வடிவம், ஒரே நிறம், ஒரே சாப்பாடு, இந்த மூன்றில் எது ஒத்துப்போனாலும் சண்டை வரும். சாதுவான மீன்களை முதலிலும் முரடான மீன்களைக் கடைசியிலும் விட வேண்டும் என்பதைத் தொட்டி தொடங்கும்போதே திட்டமிட்டுவிடுவது நல்லது, டாம்செல் மீனை முதலில் விட்டவர்கள் பிறகு எதை விட்டாலும் அது அடி வாங்கும்.

கிளவுனுக்கு ஜோடி சேர்க்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். கிளவுன் மீன் எல்லாமே முதலில் ஆணாகத்தான் வளரும், கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், மாறிய பிறகு திரும்பாது. உங்கள் தொட்டியில் ஒரு வருஷமாகத் தனியாக இருக்கும் கிளவுன் பெரும்பாலும் பெண்ணாகியிருக்கும். அதே அளவில் இன்னொன்றைக் கொண்டுவந்தால் இரண்டு பெண்கள் ஆகி ஒன்று சாகும்வரை சண்டை நடக்கலாம். பாதி அளவு உள்ள குட்டியாகத் தேடுங்கள். அது பெரியதன் முன்னால் உடம்பைச் சாய்த்து நடுங்கிக் காட்டினால் பயப்படாதீர்கள், "நீதான் பெரியவள்" என்று ஒத்துக்கொள்கிறது.

எனக்கு மிகவும் கைகொடுத்தது அக்ரிலிக் பெட்டி முறை. பக்கமெல்லாம் துளை போட்ட கண்ணாடி போன்ற பெட்டி, காந்தத்தால் தொட்டியின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளும். தனித்தொட்டியிலிருந்து வந்த மீனை அதற்குள் விட்டு நான்கிலிருந்து ஏழு நாள் வைத்திருப்பேன். உள்ளே ஒரு பிவிசி எல்போ போட மறக்காதீர்கள். போன வருஷம் பவுடர் ப்ளூ டாங் ஒன்றை இப்படித்தான் சேர்த்தேன், இந்தியப் பெருங்கடல் மீன், அழகும் முரட்டுத்தனமும் சம அளவில் உள்ளது, ஆறடிக்குக் குறைந்த தொட்டியில் வைக்க வேண்டாம். ஏற்கெனவே அங்கே ஒரு செயில்ஃபின் டாங் மூன்று வருஷமாக ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்தது. முதல் நாள் அது தன் முதுகுத் துடுப்பைப் பாய்மரம் போல விரித்துக்கொண்டு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, திரும்பி நின்று, வால் முள் பெட்டியில் உரச உரச வாலை அடித்தது. அறைக்கு வெளியே சத்தம் கேட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நோரியைப் பெட்டிக்கு வெளியே ஒரு துண்டும் உள்ளே ஒரு துண்டும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினேன், கண்ணாடிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று இரண்டும் கடித்தன. ஐந்தாம் நாள் செயில்ஃபின் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாறையை மேய்ந்துகொண்டிருந்தது. அதுதான் திறக்க வேண்டிய நேரம், நாள் கணக்கைவிட இந்த அலட்சியத்தைத்தான் பார்க்க வேண்டும்.

திறக்கும் அன்று பழைய மீன்களுக்கு வயிறு நிறையப் போடுங்கள், பிறகு விளக்கை அணைத்து, அறை வெளிச்சத்தில் பெட்டியின் கதவைத் திறந்துவைத்துவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். தானாக வெளியே வரட்டும், பெட்டியைக் கவிழ்த்துக் கொட்ட வேண்டாம். பவளம் ஒட்டாத தொட்டி என்றால் அன்று பாறைகளைக் கொஞ்சம் இடம் மாற்றி வைக்கலாம், யாருக்கும் சொந்த வீடு இல்லாமல் போய்விட்டால் எல்லோருக்கும் அவரவர் கவலை. பவளத்தொட்டியில் அது முடியாது, அங்கே தொட்டியின் வெளிக் கண்ணாடியில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், முரட்டு மீன் தன் பிம்பத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் புதியது ஒளிய இடம் பார்த்துக்கொள்ளும். இதெல்லாம் செய்தும் துரத்தல் நிற்கவில்லை, துடுப்பு கிழிகிறது, புதியது மூலையிலிருந்து வெளியே வந்து சாப்பிடுவதே இல்லை என்றால், அடிக்கிறவனைப் பிடித்து அதே பெட்டியில் மூன்று நாள் போடுங்கள். அடி வாங்கியதை எடுத்து ஒளித்துவைத்தால் மறுபடி விடும்போது அதே கதைதான், முரடனை எடுத்தால் புதியதுக்குத் தொட்டி பழகிவிடும்.

மேலே வலை மூடி இருக்கிறதா என்று விளக்கை அணைக்கும் முன் ஒரு தடவை பாருங்கள். ஃபயர்ஃபிஷ், ராஸ் போன்றவை முதல் சில ராத்திரிகளில் சின்ன மிரட்டலுக்கே குதித்துவிடும், ஒயர் போகும் சின்ன இடைவெளிகூடப் போதும். ஆறு வாரம் தனித்தொட்டியில் வளர்த்த ஃபயர்ஃபிஷ் ஒன்றை மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் பின்னால் காய்ந்து கிடக்கப் பார்த்த பிறகுதான் நான் வலை போட்டேன்.

முதல் வாரம் அமோனியாவை ஒருநாள் விட்டு ஒருநாள் பாருங்கள், ஒரு மீன் கூடினால் அதன் கழிவுக்கு ஏற்ப பாக்டீரியா பெருகக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அடுத்த மீனைப் பற்றி ஒரு மாதத்துக்கு யோசிக்க வேண்டாம். காப்பர் பட்ட ஸ்பாஞ்சையும் பிவிசியையும் பவளமோ இறாலோ இருக்கும் தொட்டிக்குள் திரும்பக் கொண்டுவராதீர்கள், கழுவிக் காயவைத்துத் தனித்தொட்டிக்கென்றே எடுத்துவையுங்கள். சம்ப்பில் ஒரு புது ஸ்பாஞ்சைப் போட்டுவிடுங்கள்.